ஒரு குவளைக்காகக் காத்திருந்த பகல்

என் வீட்டுக்காரருக்கு உடம்பில் எது வந்தாலும் அது வாய்வுதான். முதுகு பிடித்தாலும் வாய்வு, இன்ஸ்பெக்டர் திட்டித் தலை வலித்தாலும் வாய்வு. அன்றைக்குக் காலையில் நெஞ்சை அடைத்துக்கொண்டு வலித்தபோதும் ஒரு சோடாவை வாங்கிக் குடித்துவிட்டு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல பஸ் ஏறிவிட்டார். அவர் போலீஸில் ஏட்டு. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். “ஒரு நாள் லீவு சொன்னா கோர்ட்டு இடிஞ்சா விழுந்துரும்?” என்று கேட்டேன். முறைத்தார். நானும் முறைத்தேன்.

பதினொரு மணி இருக்கும், ஒரு கான்ஸ்டபிள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“டீச்சரம்மா, ஏட்டையா கோர்ட்டு வாசல்ல விழுந்துட்டாவ. ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. ஸ்டேசனுக்கு இப்பத்தான் போன் வந்துச்சு.”

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிய அந்த வண்டியை நான் சபித்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரியில் அவருடைய அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மதினி வீடு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தது. கட்டிலில் என் வீட்டுக்காரர் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. கையைத் தொட்டேன். வேர்வையில் நனைந்து, கிணற்றுத் தண்ணீர்போலச் சில்லென்றிருந்தது. மதினி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நாடியே இல்லையேம்மா!” என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். நாடி இல்லாத மனுஷன் பார்க்கிற பார்வையா அது!

டாக்டர் வந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். “இங்க இருக்கு” என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“கமலை இறைச்சுப் பாத்திருப்பீங்கல்ல? கெணத்துல தண்ணி கெடக்கு, ஆனா மாடு சோந்துபோச்சுன்னா என்னாகும்? பக்கத்துப் பாத்திக்குத்தான் பாயும். இவருக்கு ரத்தம் குறையல. அதத் தள்ளுறதுக்கு இருதயத்துல தெம்பு இல்ல. மூளைக்குப் போறது கை காலுக்கு வரல. அதான் சில்லுன்னு இருக்கு.”

“பொழைச்சுருவாங்களா?”

“மூத்திரம் இறங்கணும். அப்பத்தான் கடைசிப் பாத்தி வரைக்கும் ரத்தம் போகுதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது.”

ஊசி போட்டார்கள். கம்பளி போர்த்தினார்கள். வாயில் எதையும் ஊற்றக்கூடாது, எழுந்து உட்காரவே விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஒரு நர்ஸம்மா எனாமல் குவளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள். என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும். அரை மணிக்கு ஒருதரம், “ஏட்டையா, ஒண்ணுக்கு வருதா?” என்று கேட்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. குவளை காய்ந்தே கிடந்தது. சின்ன வயதிலிருந்து ஜெபமாலை சொல்லி வளர்ந்தவள் நான். மாதாவிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றை எந்த வார்த்தையில் கேட்பது? கடைசியில் வெட்கத்தை விட்டு, “தாயே, இவருக்கு மூத்திரம் வரணும்” என்று அப்படியே கேட்டேன்.

“பங்குச்சாமியாரக் கூப்பிட்டு அவஸ்தை பூசிருவோம். ஆத்துமாவாவது கரையேறட்டும்” என்றார் மதினி. சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய் அது. “செத்த சும்மா இருங்க மதினி!” என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். ஆனால் நாலு மணிக்கு டாக்டர் வந்து, காலிக் குவளையைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அதற்கு மேல் எனக்குத் தைரியமில்லை. “கூட்டிட்டு வாங்க” என்று மதினியிடம் சொன்னேன். அவர் ஓடினார்.

அப்போது என் முந்தானையை யாரோ இழுத்தார்கள். இவர்தான்.

“ஏட்டி... அந்தப் பிள்ளைய வெளிய போகச் சொல்லு.”

“எதுக்கு?”

“ரெண்டு மணியிலருந்து அடக்கிக்கிட்டுக் கெடக்கேன். பொம்பளப்பிள்ள முன்னால எப்படிட்டி போறது?”

எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. “அடப்பாவி மனுஷா! இங்க உசுரு போய் உசுரு வருது, நீங்க வெக்கப்பட்டுக்கிட்டா கெடக்கீங்க?” என்றேன். கட்டிய புருஷனைப் பாவி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குவளையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றாள். “நீயும் அந்தப் பக்கம் திரும்பு” என்றார் அவர். திரும்பவில்லை. கம்பளிக்குள் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கைமேல் பட்ட அவர் விரல்களில் லேசாகச் சூடு இருந்தது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

“குடுங்கம்மா, நான் டாக்டர்ட்ட காட்டிட்டு வாரேன்” என்று நர்ஸம்மா கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. டாக்டருடைய அறை வார்டின் அடுத்த கோடியில் இருந்தது. இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டில் கட்டிலாக ஜனங்கள். குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அழுதுகொண்டே, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.