படையலுக்குச் சூடாக்கிய சாக்கே

நண்பனின் எட்டுச்செலவுக்கு, அதாவது செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைக்கும் நாளுக்கு, சாக்கே சூடாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. டவுன்டவுனில் ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையின் குசினியில் இருபது வருடம் நின்றவன் அவன். மற்றவர்களுக்கு விஸ்கி படைப்பார்கள். இவனுக்கு ஜப்பான்காரரின் அரிசி மது, அதுவும் சூடாக. சனிக்கிழமைப் பின்னேரங்களில், ரூஜில் இருக்கும் அவன் வீட்டில், அதைப் பதமாகச் சூடாக்கி எனக்கு ஊற்றித் தருவான். தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றக் கூடாதாம். அவனுக்கு நான்தான் ஊற்ற வேண்டும்.

"எனக்கு உந்தச் சூடு தெரியாது அண்ணை, நீங்கள்தானே பக்கத்தில இருந்து பாத்தனீங்கள்" என்றாள் அவன் மனைவி. பார்த்தது உண்மைதான். கிண்ணம் எப்போது கைக்கு வரும் என்றுதான் பார்த்தேன்.

அவளுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. கடைசிச் சனிக்கிழமை அவன் போன் எடுத்துக் கூப்பிட்டான். மிசிசாகாவில் ஓவர்டைம் என்றேன். ஓவர்டைமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுச் சோபாவில் கிடந்தேன். புதன்கிழமை அவனுடைய இதயம் நின்றுவிட்டது. ஆகவே நான் சூடாக்கப் போனது அந்தச் சனிக்கிழமையைத்தான். அது பிழையாய்ப் போனால் இன்னொரு சனிக்கிழமை கிடையாது.

அவன் வீட்டு மேல் குசினியை அன்ரிமார் நண்டுக் கறியோடு பிடித்துவிட்டதால், பேஸ்மென்ற் அடுப்புக்கு இறங்கினேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, பீங்கான் குடுவையைக் கழுத்தளவு இறக்கி மூன்று நிமிடம் வைக்க வேண்டும். தூக்கி அடியில் விரலை வைத்தால் சூடு சுடாமல் உறைக்க வேண்டும். நான் அடுப்பை அணைக்க மறந்தேன். குடுவை குமுறியது, மணமெல்லாம் ஆவியாகி என் கண்ணைக் கரித்தது. சிங்கில் ஊற்றினேன். செத்தவன் ஏசமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுதான் பயமாக இருந்தது.

இரண்டாவது தரம் பதம் சரியாக வந்தது. துவாயில் சுற்றிக்கொண்டு மேலே ஓடினால், வீட்டில் ஒருவரும் இல்லை. படையல் அறைக் கதவு சாத்தியிருந்தது. செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போவது எங்கள் வழக்கம். போகும் அவசரத்தில், கீழே நின்ற என்னை மறந்துவிட்டார்கள். நின்றால் சாக்கே ஆறிவிடும். உள்ளே போனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவனைக் குழப்புவேன். ஐம்பத்திரண்டு வயது மனிதன் நான், கதவைத் தட்டிவிட்டுத்தான் திறந்தேன். உள்ளிருந்து யார் பதில் சொல்வார் என்று நினைத்தேனோ தெரியாது.

விளக்கு, படம், வாழையிலை. இலைக்குப் பக்கத்தில் வெறுங்கிண்ணம். இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினேன். ஆவி மெல்ல அவன் படத்தின் பக்கம் சாய்ந்தது. என் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"மச்சான், அண்டைக்கு வேலை இல்லையடா. வீட்டிலதான் படுத்திருந்தனான்."

முதுகுக்குப் பின்னால் கதவு மூன்று தரம் தட்டப்பட்டது.

தட்டிச் செத்தவருக்கு அறிவித்துவிட்டுத்தான் கதவைத் திரும்பத் திறப்பார்கள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றும் என்னோடு நிற்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்து, "பொறு மச்சான், வாறன்" என்றேன். வெளியே ஒரு அன்ரி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு படியால் இறங்கி ஓடியது கேட்டது.

உள்ளே வந்தவள் அவன் மனைவிதான். மற்றவர்களைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் அனுப்பிவிட்டு, கதவைத் தன் பின்னால் சாத்தினாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது.

"அவருக்குத் தெரியும் அண்ணை" என்றாள். "அண்டைக்குக் கடைக்குப் போட்டு உங்கட வீட்டடியாலதான் வந்தவர். உங்கட கார் வாசல்ல நிண்டதாம். மணியடிக்கவெண்டு இறங்கினவராம், பிறகு விட்டிட்டு வந்திட்டார்."

என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"'பாவம், களைச்சுப் போயிருப்பான், படுக்கட்டும்' எண்டவர்."

செத்தவீட்டிலும் பகிடி விடுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அன்று குடுவையில் மிச்சமிருந்ததை அவன் கிண்ணத்தில் ஊற்றினேன்.

இப்போதெல்லாம் வேலையில்லாத சனிக்கிழமைகளில் காரைக் கராஜுக்குள் விட்டுக் கதவை இறக்கிவிடுகிறேன். அப்படியும் சோபாவில் படுத்தால், காது வாசல் மணியில்தான் கிடக்கிறது.