நூல் பருத்திக்காய் ஆன கதை

இன்று ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லுக்காக நாங்கள் நாலு பேர் போட்ட கண்காட்சி ஸ்டால் திறந்தது. சாயங்காலம் முதலாளி பார்த்துச் சரி என்றால் மதுரை ஸ்டாலும் எங்களுக்குத்தான்.

நடுவில் பழைய நூற்பு மெஷின். சுவரைச் சுற்றி, பருத்திக்காயில் ஆரம்பித்து நூலில் முடியும் படங்கள். முதலில் வரும் டிவிக்குப் பிளக் பாயிண்ட் வலது பக்கம் இருந்ததால் ஆரம்பத்தை அங்கேயே வைத்தேன்.

"சனம் இடது பக்கமாத்தான் போகும்" என்றாள் எங்கள் டீம் சங்கீதா. அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று முடித்துவிட்டேன்.

காலையில் மில்காரர்கள் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். அவ்வளவுதான். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இடது பக்கமாகப் போய் மெஷினை வலம் வந்தார்கள். படத்தில் நூல் பின்னால் போய்ப் பருத்திக்காய் ஆனது.

சுந்தரபாண்டியம் ஊரிலிருந்து வந்த அக்கா ஒருவரிடம், "இந்தப் பக்கமா வாங்க" என்றேன்.

"பூப் போட்டத எதிர்ப்பக்கமா சுத்தச் சொல்லுதீயளே, வெளங்குமா?"

சங்கீதா கேட்டாள்: "ஏணியப் பிடிக்கியா, இல்ல இன்னும் ரெண்டு அம்பு ஒட்டுதியா?"

ஏணியைப் பிடித்தேன். மதியத்துக்குள் எல்லாப் படத்தையும் மாற்றி மாட்டினோம்.

முதலாளி வந்தார். கும்பிட்டபடியே ஒரு சுற்று.

"படத்தையெல்லாம் மாத்தி மாட்டினீங்களாமே, சொன்னது யாரு?"

சங்கீதாவைக் காட்டினேன்.

"மதுரையும் நீங்களே பண்ணுங்க. டிசைன அந்தப் பொண்ணு பாக்கட்டும்."

எனக்கு வயரிங்.

சாமியை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற ஊர் ஏதாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். என் டிசைன் அப்படியே ரெடியாக இருக்கிறது.