தர்பார் தொலைத்த முன்பல்

பதினோராவது யானையின் முதுகில் குடை பிடித்து நிற்கிறவனுக்கு இடது புருவம் வரைந்து முடிக்கும்வரை தர்பார் மூச்சு விடமாட்டார். புருவம் என்றால் நம் புருவம் மாதிரி இல்லை. எறும்பிடம் கொடுத்தால் ‘எனக்கே சின்னதா இருக்கு’ என்று திருப்பிக் கொடுத்துவிடும், அவ்வளவு. நெற்றியில் பூதக்கண்ணாடி, மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை, கையில் மூன்றே முடி உள்ள தூரிகை. அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தால் உள்ளேயிருந்து பதில் வராது. தபால்காரருக்கு இது பழகிவிட்டது. மணியை அடித்துவிட்டுத் தெருக்கோடி வரை தபால் கொடுத்து முடித்துத் திரும்பி வருவார். அப்போதுதான் இவர், “யாரது?” என்பார்.

அந்த வீட்டில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். மிச்சப்பேர் எல்லாம் ஈயத்திலும் பிசினிலும் செய்த கட்டைவிரல் நக உயர ஆட்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் டெல்லியில் மூன்று தடவை தர்பார் நடத்தினான். ராஜாக்களையெல்லாம் வரவழைத்து, மேடை போட்டு, ‘இனிமேல் உங்களுக்கெல்லாம் நாங்கள்தான் பெரியவர்கள்’ என்று அறிவித்துக்கொண்ட கூத்து. அந்த மூன்றில் நடுவில் உள்ளதை, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் நடந்ததை, இவர் முன்னறையில் எட்டடி மேஜை மேல் இன்னமும் நடத்திக்கொண்டிருக்கிறார். பதினெட்டு வருஷமாக ஊர்வலம் போகிறது. இன்னும் மேஜை முனையைத் தாண்டவில்லை. அதனால்தான் தெருவே அவரைத் தர்பார் என்கிறது. சொந்தப் பெயர் மின்சார பில்லில் பத்திரமாக இருக்கிறது.

பிழைப்பு, பல். வாயில் பல்லைப் பொருத்துகிறவர் டாக்டர். அந்தப் பல்லைச் செய்து கொடுக்கிறவர் இவர். அதே முன்னறையின் இன்னொரு பாதியில் பீங்கான் சுடும் அடுப்பு, தேய்க்கும் இயந்திரம், சுவர் முழுக்க ஊர்க்காரர்களின் தாடைகளை வார்த்த மாவு அச்சுகள். உள்ளே நுழைகிறவரைப் பார்த்து நூறு தாடைகள் ஒரே நேரத்தில் இளிக்கும். தெருவில் யாராவது எதிரே வந்தால் தர்பார் முகத்தைப் பார்க்கமாட்டார். “அட, மேல் வரிசை நாலு! எப்படி இருக்கீங்க?” என்பார்.

கடைசித் தர்பாரை ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்துவிடும். “அதுல மன்னரே வந்தாரு, சரி. ஆனா குதிரையில வந்துட்டாரு! ஜனத்துக்கு யாரு மன்னர்னே தெரியல. எல்லாரும் யானையைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க, இவரு பாட்டுக்குக் கடந்து போயிட்டாரு. யானை இல்லாம என்ன தர்பார் வேண்டிக்கிடக்கு?” ஏதோ இவரைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுத்துவிட்ட மாதிரி கோபம் வரும்.

இதற்கென்று முப்பத்தேழு புத்தகங்கள் வைத்திருக்கிறார். எல்லாம் ஆங்கிலம். இவருக்கோ ஆங்கிலத்தில் பல் டப்பா மேல் எழுதியிருப்பதைத் தாண்டி ஒன்றும் ஓடாது. படங்களைத்தான் படிக்கிறார். ஒரு படத்துக்கு ஒரு மாதம். பழைய புத்தகக் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே, “அண்ணே, யானை வந்திருக்கு” என்று கத்துவார். ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் மட்டும் கைக்குழந்தை கனம். அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தொடை மரத்துப்போய், எழுந்திருக்க ஆள் வேண்டும்.

மாடி வீட்டு வக்கீல் ஒருநாள் சண்டைக்கு வந்தார். “என்ன தர்பார், நம்ம ஆளுங்களைக் குனிய வச்சவனுக்கு இன்னும் ஊர்வலம் விட்டுக்கிட்டு இருக்கீங்க? வெக்கமா இல்ல?”

தர்பார் பூதக்கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். வக்கீல் குனிந்து பார்த்தார். கோட்டுப் போட்ட துரைமார் அறுபது பேருக்கும் ஒரே மூஞ்சி. ஒரே அச்சில் வார்த்து எடுத்தது. பாகன், குடைக்காரன், விளக்குக்காரன், தண்ணீர் சுமக்கிறவன் எல்லோருக்கும் ஆளுக்கொரு முகம். ஒருவனுக்குக் கன்னத்தில் தழும்பு. ஒருவனுக்குத் தூக்கம். ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் என்னவோ குசுகுசுக்கிறான்.

“துரை சும்மா உக்காந்துக்கிட்டு வர்றாரு. குடையைத் தூக்கிப் பிடிச்சவனுக்குல்ல கை வலிச்சிருக்கும்” என்றார் தர்பார். வக்கீல் வந்த வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

வீட்டில் உள்ள நீதிபதி அப்படி லேசில் விடுகிறவர் இல்லை. மனைவிதான் தொழிலுக்கு மேனேஜர், கணக்குப்பிள்ளை, டப்பாக்களைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால் இலாகா எல்லாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், துரை ஒருவரின் தோள்பட்டைக்கு அடித்த பொன் வர்ணம் ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. பெரியவருக்கு ஏக சந்தோஷம். தங்கப்பல் என்று ஊரெல்லாம் வாயைப் பிளந்து காட்டிக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் வர்ணம் உரிந்தது. ‘என் தங்கத்தைத் திருடிட்டாங்க’ என்று கிளினிக் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு மனைவி சட்டம் போட்டாள். “இங்க பாருங்க, இதுதான் கடைசி. உங்க பொம்மை இன்னொரு தடவை தொழிலுக்குள்ள தலையை நீட்டுச்சுன்னா, அத்தனையையும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுவேன். யானைன்னும் பாக்கமாட்டேன், துரைன்னும் பாக்கமாட்டேன்.” சொன்னால் செய்கிறவள். தர்பார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடித்தது தன் தலையில்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு டாக்டரம்மா போன் செய்தார்.

“என்னங்க தர்பார், டிவியில நியூஸ் வாசிக்கிற அம்மா இங்க வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. தெரியுமில்ல?”

“தெரியும் டாக்டரம்மா. முன்பல்லு. வீட்ல காலையிலேயே வந்து குடுத்துட்டாங்களே.”

“குடுத்தாங்க. டப்பாவைத் திறந்தா உள்ள ரெண்டு கொம்பு இருக்கு.”

தர்பாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. “கொம்பு இல்லீங்க டாக்டரம்மா. தந்தம்.”

“எதுவா இருந்தா எனக்கென்ன? ரெண்டையும் மாட்டிவிட்டு ஆறு மணிக்குச் செய்தி வாசிக்கச் சொல்லவா? இவங்க ஏற்கெனவே அழற மாதிரி இருக்காங்க. ரெண்டு மணிக்குள்ள பல்லு வரணும். வரலைன்னா, இனிமே பல்லு செய்ய வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

நடந்தது இதுதான். ஈயத் தந்தம் ஒடிந்து ஒடிந்து விழுகிறது என்று இவர் யானைகளுக்கெல்லாம் பல் பீங்கானிலேயே தந்தம் செய்வது வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் செய்தி அம்மாவின் முன்பல்லையும் பதினோராவது யானையின் தந்தங்களையும் ஒரே தட்டில் வைத்து, ஒரே சூட்டில் சுட்டு எடுத்தார். ஆறியதும் டப்பாவில் போடும்போது பழைய புத்தகக் கடைக்காரர் போனில், “அண்ணே, யானை வந்திருக்கு!” என்று கத்தினார். காது அங்கே போனது. கை இங்கே தந்தத்தை எடுத்துக் கிளினிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டது.

சரி, பல் எங்கே? தட்டில் இல்லை. அடுப்பில் இல்லை. மேஜைக்கு அடியில் மண்டியிட்டுத் தவழ்ந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு யானையின் வயிற்றுக்குக் கீழும் பார்த்தார். புதிதாகச் செய்யலாம் என்றால் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். நியூஸ் முடிந்து, மறுநாள் நியூஸே வந்துவிடும்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “என்ன தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு குதிரை.”

“குதிரையைத் தேடறதுக்கு எதுக்கு வாஷ்பேசின் குழாயைக் கழட்டுறீங்க?”

“தண்ணி குடிக்க வந்திருக்குமோன்னு பாத்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கியும் பல் உதிராதபோது, தர்பார் பரண்மேல் இருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார். அடியில் பழைய துணியை விரித்தார். முதல் யானையை அம்பாரியோடு இரண்டு கையாலும் தூக்கி உள்ளே படுக்கவைத்தார். பதினெட்டு வருஷமாக நின்ற யானை. அது படுத்ததும் இவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. இரண்டாவது யானையைத் தூக்கும்போது மனைவி வாசல்படியில் நின்றாள்.

“என்ன பண்றீங்க?”

“நீ சொன்னதைத்தான். நான் சத்தியம் பண்ணேன்ல. நீ தூக்கினா ஒடிஞ்சிடும். நானே எடுத்து வைக்கறேன்.”

“ஏங்க, என்ன ஆச்சு? முதல்ல அதைச் சொல்லுங்க.”

எல்லாவற்றையும் சொன்னார். கொம்பு, தந்தம், அழுகிற செய்தி அம்மா, இரண்டு மணிக் கெடு, வேறு ஆள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டு விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றார். திட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மனைவியின் முகம் களவாணி முகம் மாதிரி இருந்தது.

“அந்தப் பல்லு… வெள்ளையா, இத்தினியூண்டு, ஒரு பக்கம் குழிஞ்சு, உக்கார்ற மாதிரி வளைஞ்சு இருக்குமா?”

“ஆமா.”

அவள் மேஜையின் அந்தக் கோடிக்குப் போனாள். அங்கேதான் தர்பார் மேடை. பந்தலுக்குக் கீழே வைஸ்ராய் நிற்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டு, பூ எடுக்கிற மாதிரி எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பல்!

“விடியக்காலையில பெருக்கும்போது தட்டுல கிடந்துச்சு. நீங்க சிம்மாசனம் செஞ்சு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். இந்த மனுஷன் ஒரு வருஷமா நின்னுக்கிட்டே இருக்காரு. கால் வலிக்காதா? அதான், பின்னால கொண்டுபோய் வச்சேன்.”

தர்பாருக்கு அடைத்த மூக்கு அப்படியே பொத்துக்கொண்டது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. பல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வைஸ்ராயும் நல்லவேளையாக உட்கார்ந்து பார்க்கவில்லை.

திடீரென்று நிமிர்ந்தார். “இரு, இரு. சிம்மாசனம் அங்கதான் வரும்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நூத்திப் பதினாறாம் பக்கத்துல இருக்குல்ல.”

“எந்தப் புஸ்தகத்துல?”

“அந்தச் சிவப்புக் கழுதைதான்.” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நீங்க தூங்கினப்புறம் மத்தியானத்துல எனக்கு என்ன வேலை? வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காதீங்க. மணி பன்னிரண்டரை.”

ஸ்கூட்டரில் இருவரும் பறந்த வேகத்தில் தெருவிளக்குகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பல் அவள் கைக்குட்டைக்குள், கைக்குட்டை அவள் கைக்குள், கை அவர் தோள்மேல். ஒன்றே காலுக்குக் கிளினிக். டாக்டரம்மா கொதிநீரிலும் மருந்திலும் பல்லைக் குளிப்பாட்டிப் பொருத்தினார். செய்தி அம்மா கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுகையெல்லாம் போய், எதிரே இருந்த நாற்காலி, மேஜை, மின்விசிறி எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா தந்தங்களை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, “உங்க பேஷன்ட்டுக்கு மாட்டிவிடுங்க. பத்து நாளைக்குக் கரும்பு கடிக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார்.

திரும்பும்போது தர்பார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அப்ப… மூட்டை கட்டிடவா?”

“எதை?”

“யானையை.”

“நான் கொண்டுபோய் வச்சதுக்கு யானை என்ன பண்ணும்? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

சிக்னலில் நின்றபோது அவர் விட்ட பெருமூச்சில் பக்கத்து ஆட்டோவின் தார்ப்பாய் ஆடியது.

ஆறு மணிக்கு இருவரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். செய்தி அம்மா, “வணக்கம்” என்றார். நாட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. “கலர் பொருந்தியிருக்கா?” என்றாள் அவள். “பிறந்ததுலேருந்து அங்கேயே இருந்த மாதிரி இருக்கு” என்றார் இவர். வெள்ளம், விலைவாசி எல்லாவற்றையும் அந்த ஒரு பல்லையே பார்த்தபடி கேட்டு முடித்தார்கள்.

செய்தி முடிந்ததும் அவர் முன்னறைக்குப் போனார். பெட்டியில் படுத்திருந்த யானையை எழுப்பி நிறுத்தினார். பல் அச்சுக்கு வைத்திருக்கும் மெழுகில் கொஞ்சம் கிள்ளி, விரல்நுனியில் உருட்டிக்கொண்டே அவளைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“சிம்மாசனம் எவ்வளவு உயரம் வேணும்?”

அவள் மேடைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அரிசி நீளத்துக்கு விரித்துக் காட்டினாள். யோசித்தாள். பிறகு இன்னும் ஒரு மயிரிழை விரித்தாள்.