எலுமிச்சம்பழம் தீர்ந்த மலைப்பாதை

பினாங்குக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைப்பாதையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். கிராம்புத் தோட்டம், பள்ளத்தாக்கு, கீழே கடல். நானும் அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பார்த்ததெல்லாம் என் செருப்பைத்தான்.

முதல் முறை போனது பெண் பார்க்க. எனக்கு இருபத்தெட்டு வயது. துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. என் மெலிந்த உடம்பைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது இடம் பாலிக் பூலாவில். பெண்ணின் அப்பா அங்கே சாதிக்காய்த் தோட்டத்துக் கங்காணி. அவர்கள் அனுப்பியிருந்த படத்தில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். இதுவும் தட்டிப்போனால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

பெற்றோர் இல்லாத எனக்கு அக்காவும் அத்தானும்தான் எல்லாம். அத்தான் நண்பரிடம் கார் இரவல் வாங்கி வந்தார். ஓட்டக் கற்று மூன்று மாதம்தான். பேச்சு மட்டும் முப்பது வருடம் ஓட்டியவர் பேச்சு. பின்னால் நானும் அக்காவும். அக்கா மடியில் தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, ஐந்து எலுமிச்சம்பழம்.

இரண்டாவது வளைவிலேயே வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது.

"இத மோந்து பாரு தம்பி" என்று அக்கா ஒரு பழத்தைக் கீறிக் கொடுத்தாள். அடுத்த வளைவில் அதைக் கடித்தேன். அதற்கடுத்த வளைவில் இரண்டாவது பழம். மூன்றாவதை அக்காவே எடுத்துக்கொண்டாள். "அங்க பாரு, கடல் என்னமா தெரியுது!" என்று அத்தான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். அந்தப் பயத்தில் நான்காவதும் போயிற்று. உச்சியில் காரை நிறுத்தி ஐந்தாவதை அத்தான் வாங்கிக்கொண்டார். அவருக்குச் சும்மா தாகமாம்.

அக்கா தலையில் கை வைத்தாள். "எலுமிச்சம்பழம் இல்லாத தட்ட எப்படி நீட்டுறது?"

இறக்கத்தில் ஒரு மலாய்க்காரர் பழம் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் எலுமிச்சை இல்லை. அத்தான் மஞ்சளாக, உருண்டையாக இருந்த ஐந்து சாதிக்காய்ப் பழங்களைப் பொறுக்கினார். "பூவுக்குள்ள வெச்சிரு. யாரு உத்துப் பாக்கப் போறா லா?"

பெண்ணின் அப்பா பார்த்தார். வாழ்நாளெல்லாம் சாதிக்காய் மரத்தடியில் நின்றவரிடமே அதை எலுமிச்சை என்று நீட்டியிருந்தோம். ஒன்றை எடுத்து அதன் நடுக்கோட்டில் விரலை ஓட்டினார். "இது நம்ம தோட்டத்துப் பழமாச்சே" என்றார். அக்கா வெற்றிலையைப் பார்த்தாள். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?"

"ஒன்னுமில்லைங்க, வெயிலு" என்றாள் அக்கா.

எனக்குப் பொய் அலுத்துவிட்டது. "எலுமிச்சம்பழத்த நாங்கதாங்க வழியில தின்னுட்டோம். இந்த ரோட்டு வளைவு எனக்கு ஒத்துக்கல" என்றேன். கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கு இவ ஒருத்திதான். நல்ல நாள் பெரிய நாளுக்கு இவ இங்க வரணும். இந்த ரோட்டுல நீங்க எப்படிக் கூட்டிட்டு வருவீங்க?"

என் வயிறு அந்த வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. "வருவேங்க. கூடை நெறைய எலுமிச்சம்பழத்தோட வருவேன்" என்றேன்.

காப்பிக்குப் பதிலாக அவள் உப்புப் போட்ட எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தேன். படத்தில் அடக்கிய சிரிப்பை இப்போது அவள் அடக்கவில்லை.

கல்யாணமான பிறகு, சொன்னபடியே ஒரு பொங்கலையும் ஒரு தீபாவளியையும் தவறவிட்டதில்லை. வளைவுகள் அவளை ஒன்றும் செய்யாது. பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்தே வரும் எனக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். "தோ, கப்பல் போகுது. வயல் வந்திருச்சு. அப்பா வாசல்ல நிக்கிறாரு." வீடு இன்னும் இரண்டு மைல் இருக்கும், நான் தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று சொல்லும் பொய் அது.

மாமனார் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. நாங்கள் இன்னும் போகிறோம். கடைசி இறக்கத்தில் அவள் இப்போதும் சொல்கிறாள், "அப்பா வாசல்ல நிக்கிறாரு." நான் தலையை நிமிர்த்துவதில்லை.