பர்ஸானா வீட்டுக் கிணறு

குளித்துவிட்டு வந்தால் போதும், இஷாமுக்கு உடம்பெல்லாம் அரிக்கத் தொடங்கிவிடும். தடிப்பில்லை, கொப்புளமில்லை, பார்த்தால் ஒன்றுமே தெரியாது. துவாயால் துடைத்து முடிக்கு முன்னரே ஊசி குத்துவதுபோலக் குத்தி, ஆளை வாட்டி எடுத்துவிட்டுத் தானாக அடங்கும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து மீன் லொறி ஓட்டுகிறவன் குளிக்காமல் இருக்க முடியுமா?

இஷாம் ஓட்டமாவடிக்காரன். ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்து, ஏறாவூரில் மனைவி பர்ஸானாவின் சீதன வீட்டுக்குப் போனவன். அந்த வீட்டுக் கிணறு அவளுடைய வாப்பா இறக்கு முன் தன் கையால் வெட்டியது. இஷாம் யோசிக்கவே இல்லை, பழியைத் தூக்கிக் கிணற்றின் தலையில் போட்டான். இறைத்தார்கள், குளோரின் போட்டார்கள். அரிப்பு அசைந்து கொடுக்கவில்லை.

பர்ஸானாவின் நச்சரிப்பில் ஒருநாள் டொக்டர் கேதீஸ்வரியிடம் போனான். அவர் அவனுடைய சிவந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தலையிடி இருக்கா?"

"வெயிலுக்குள்ள ஓடுறது டொக்டர், அதான்."

"தண்ணி பட்டா மட்டும் கடிக்குதெண்டால் சில பேருக்கு ரத்தம் தடிச்சுப்போற வருத்தம் இருக்கும். ரத்தத்தைச் சோதிச்சுக்கொண்டு வாங்க. விட்டா ஒரு பக்கம் இழுத்து, பேச்சும் விழுந்து பாரிசவாதத்தில கொண்டுபோய் விட்டிரும்."

தோல் அரிப்புக்கு யாராவது இரத்தம் எடுப்பார்களா என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். 'என்ன நிறம், கொடுத்து வைத்தவன்' என்று துறைமுகமே மெச்சுகிற முகத்தில் அவருக்கு மட்டும் நோய் தெரிகிறதாம்!

வீட்டில் சண்டை முற்றியது.

"ஒங்கட வாப்பாட கிணத்துல என்னமோ நஞ்சு கிடக்கு."

"அந்தத் தண்ணியிலதானே நாங்க எல்லாரும் குளிக்கிறம். மௌத்தான மனிசன இழுக்காதீங்க."

"அத மூடும் வரைக்கும் இந்தப் படி மிதிக்கமாட்டன்!"

அப்படியே லொறியோடு கொழும்புக்குப் போனவன், மறுநாள் பின்னேரம் ஓட்டமாவடியில் தங்கை ஸாதியாவின் வீட்டில் வந்து இறங்கினான். அவன் பிறந்து வளர்ந்த வீடு அது. வாளி வாளியாக அள்ளி ஆசை தீரக் குளித்தான்.

துவாயை எடுத்ததும் அரிப்பு வந்துவிட்டது.

சிறு வயது முதல் குளித்த தண்ணீர் இது. டொக்டர் சொன்னது அப்போதுதான் முதன்முதலாக அவன் காதில் ஏறியது. விடிந்ததும் இரத்தம் சோதிக்கப் போகவேண்டும். அதற்கு முன் பர்ஸானாவிடம் பேசவேண்டும். பாவம், செத்த மனிதரைப் போய் எப்படியெல்லாம் ஏசிவிட்டான்!

போனை எடுத்தான். வலது கை மரத்துப்போய், போன் நழுவிக் கீழே விழுந்தது. சொறிந்து சொறிந்து கை அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இடது கையால் எடுத்து அழைத்தான்.

அவன் வாய் திறக்கு முன் அவளே பேசினாள்.

"இஞ்சருங்க, காலையில ஆள் புடிச்சி மண் போட்டுக் கிணத்த மூடிட்டன். வாப்பா இருந்தாலும் ஒங்களுக்காக இதத்தான் செஞ்சிருப்பாரு. வீட்ட வாங்க."

பிழை கிணற்றில் இல்லை என்று சொல்லப் பார்த்தான். நாக்கு புரளவில்லை. என்னவோ குழறல்தான் வந்தது.

"இன்னும் கோவமா?" என்றாள் பர்ஸானா. "அதான் மூடிட்டன் எண்டு சொல்றனே."