தரம் என்ற சொல்லை அடித்தேன்

திருமங்கலத்திலிருந்து மேற்கே போகும் மாநில நெடுஞ்சாலையின் வரலாற்றைப் புத்தகத்தில் தேட வேண்டாம். என் வீட்டுப் படிகளை எண்ணினால் போதும். அப்பா வீடு கட்டியபோது அது சரளைக்கல் பாதை; அதிலிருந்து வீட்டுக்கு ஐந்து படி ஏற வேண்டும். முதல் தார் விழுந்ததும் நான்கு படியானது. பிறகு எப்போது ரோடு போட்டாலும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். எனக்குக் கல்யாணமானபோது இரண்டு படி. நான் ஓய்வு பெற்ற வருடம் ரோடும் வாசலும் சமம்.

"அப்பாடா, படி ஏறுற பாடு விட்டுச்சு" என்று சிரித்தாள் என் மனைவி. அவளுக்கு முட்டுவலி. நானும் கூடச் சிரித்தேன், மடையன்.

பிறகு ரோடு குண்டும் குழியுமானது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவை எழுத ஊர் என்னிடம் வந்தது. வாழ்நாளெல்லாம் தமிழ் வாத்தியாராக இருந்தவனாயிற்றே. 'சாலையைத் தரம் உயர்த்தித் தர வேண்டும்' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். தரம், தர என்று அடுத்தடுத்து வருவது காதில் இடித்தது. முதல் சொல்லை அடித்தேன். 'சாலையை உயர்த்தித் தர வேண்டும்.' ஆகா, என்ன அழகு! என் கையில் சனி உட்கார்ந்திருந்தது.

உயர்த்தினார்கள். மண்ணடித்து, ஜல்லி கொட்டி, தார் ஊற்றினார்கள். எதிரிலிருந்த கிலோமீட்டர் கல்லில் பச்சைத் தலை மட்டும் மிச்சம். எண் மண்ணுக்குள் போய்விட்டது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இப்போது மூன்று படி இறங்க வேண்டும்.

"வாத்தியாரே, உசத்துங்கன்னீக, உசத்திட்டாய்ங்க. இனிமே உங்க வீட்டை லிப்ட் வச்சுத்தான் தூக்கணும்" என்றார் டீக்கடைக்காரர். கடையே சிரித்தது.

ஐப்பசி மழையில் ரோட்டுத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் இறங்கியது. பால் வாங்கப் போன என் மனைவி அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் மகள் அவளை ஆனையூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

"உன் இட்லிச் சட்டியைக் கொண்டு வரவா?" என்று போனில் கேட்டேன்.

"எதுக்கு? அது அங்கனயே கிடக்கட்டும். ரோட்டைக் குறைச்சதும் நான் வந்துருவேன்ல?"

மறுபடி மனுப் போட்டேன். தாரைச் சுரண்டுங்கள் என்று இந்த முறை பச்சையாகவே எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் முந்தைய மனுவில் கோரியவாறே சாலை உயர்த்தப்பட்டுள்ளது. மனு முடித்துவைக்கப்பட்டது.'

அதை எடுத்துக்கொண்டு ஆனையூர் போனேன். அவள் வாசித்தாள்.

"கோரியவாறேன்னு போட்டுருக்கு. நீங்க என்னன்னு எழுதுனீக?"

சொன்னேன். அடித்த சொல்லையும், எதற்காக அடித்தேன் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவள் கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"அடுத்த தடவை வாரப்ப அந்த இட்லிச் சட்டியை எடுத்துட்டு வந்துருங்க" என்றாள்.