ராஜா பிறந்த அறை

கோபுர வாசலில் வௌவால் வாடை அடித்ததும், எழுபதுகளில் நாங்கள் குடியிருந்த அரண்மனைக்குள் நினைவில் போய்விட்டேன். ஜமீன் போனபின் அதைப் பலகை அடித்துத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்மல் கேட்கும். வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு பஸ்ஸில் வரும் அந்த ஜமீனின் கிழ ராஜா எங்கள் அடுப்படியில் நின்று, "நான் பொறந்தது இங்கதாம்மா" என்பார்.

"போன வருஷம் பக்கத்து வூட்லன்னு சொன்னீங்களே?" என்றாள் அம்மா ஒருமுறை.

அவர் பலகைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். "தடுப்பு போட்டப்புறம் எனக்கே தெரியலம்மா."

இப்போது அங்கே லாட்ஜ். இன்று லாட்ஜ்காரர் திறந்து காட்டிய ஒவ்வொரு அறையிலும், "எங்க அடுப்படி இங்கதாங்க இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.